கைமாறிய வண்டியா, புது வண்டியா? திருப்பூர் மலைப்பயணக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம், உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் பின்னலாடைத் தொழிலை நடத்திக்கொண்டும் அதை நம்பி வாழ்ந்துகொண்டும், ஓய்வு கிடைக்கும் நாள்களில் மலைப்பாதைகளை நாடிச் செல்லும் குழுவினர் அனைவருக்கும் இம்மடல்.

கரடுமுரடான தடங்களில் செல்வதற்கென நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை வாங்க முற்படும்போது, ஷோரூமில் புதிதாக எடுப்பதா, பிறர் ஓட்டிய வண்டியைத் தேடிப் பிடிப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு குழுவிலும் எழுகிறது. அதற்குப் பெரும்பாலும் மாதத் தவணையின் அளவையோ, வண்டியின் தோற்றத்தையோ வைத்தே விடை காணப்படுகிறது. இம்மடலின் நிலைப்பாடு வேறு. உங்களுள் பெரும்பாலோர்க்குப் பொருந்துவது 2020ஆம் ஆண்டுக்குப் பின் வெளிவந்த, நான்கைந்து ஆண்டுகள் ஓடிய, எவ்வித மாற்றமும் செய்யப்படாத, தமிழ்நாட்டுப் பதிவுள்ள கைமாறிய வண்டியே ஆகும். புத்தம்புது வண்டியும் மிகப் பழைய ஜீப்பும் தனித்தனிக் காரணங்களால் சிலருக்கு மட்டுமே ஏற்றவை.

வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன் பாதைகளைப் பற்றிப் பேசவேண்டியுள்ளது. திருப்பூரிலிருந்து புறப்படுவோர் வழக்கமாகச் செல்லும் மலைவழிகளான ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் வால்பாறைச் சாலை, உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்கும் மூணாறுக்கும் செல்லும் சாலை, பண்ணாரியிலிருந்து 27 வளைவுகளில் ஏறும் திம்பம் சாலை ஆகிய மூன்றும் தார்ச்சாலைகள். பிரேக்கும் டயரும் நல்ல நிலையில் இருக்கும் எந்தச் சாதாரணக் காரும் அவற்றில் ஏறி இறங்கிவிடும். மறுபுறம், அமராவதி அணைக்கு மேலே உள்ள மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு போன்ற, வரைபடத்தில் பார்த்தவுடன் ஆசையைத் தூண்டும் காட்டுத் தடங்கள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் அடங்குவதால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி அங்கே எவரும் நுழைய இயலாது; எத்தனை திறன் வாய்ந்த வண்டியானாலும் இந்த நிலை மாறுவதில்லை. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து செல்லும் கற்பாதையிலோ உள்ளூர் ஜீப்புகளே பயணிகளை ஏற்றிச் செல்கின்றன. ஆக, சொந்த நான்கு சக்கர இயக்க வண்டிக்கு உண்மையிலேயே வேலை இருப்பது எஞ்சியுள்ள சில இடங்களில்தான். உரிமையாளர் இசைவுடன் செல்லக்கூடிய தோட்டப் பாதைகள், மலையடிவாரத்துச் சொந்த நிலங்கள், கடம்பூர், பர்கூர் மலைகளில் பொதுப் போக்குவரத்துக்குத் திறந்துள்ள ஊர்ப்பாதைகள், ஆண்டுக்கு ஒருமுறை சிலர் மேற்கொள்ளும் லடாக், ஸ்பிட்டி நெடும்பயணங்கள் ஆகியவை அவை. ஓராண்டில் இத்தகைய பாதைகளில் எத்தனை நாள் செல்ல வாய்க்கும் என்று நேர்மையாகக் கணக்கிட்டுப் பார்ப்பவருக்கு, புதுவண்டிக்கான தொகை வேறொரு வெளிச்சத்தில் தெரியத் தொடங்கும்.

அடுத்து, சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது தேவை. நான்கு சக்கர இயக்கம் என்பது எஞ்சினின் விசை முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் சேர்ந்து செல்லும் அமைப்பாகும்; அந்த விசையை இரு அச்சுகளுக்கும் பிரித்தளிக்கும் பெட்டி டிரான்ஸ்ஃபர் கேஸ் எனப்படுகிறது. தார், ஜிம்னி, குர்கா, பழைய ஜிப்ஸி ஆகிய வண்டிகளின் நான்கு சக்கர இயக்க வகைகளில் உள்ளது பகுதிநேர நான்கு சக்கர இயக்கம். அதாவது சாதாரணச் சாலையில் வண்டி பின்சக்கர விசையில் மட்டுமே ஓட, சேறோ சரளையோ வரும்போது ஓட்டுநர் லீவரை மாற்றி முன்அச்சையும் இணைத்துக்கொள்கிறார். இணைக்கப்பட்ட நிலையில் உலர்ந்த தார்ச்சாலையில் தொடர்ந்து ஓட்டினால், வளைவுகளில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழியின்றி அச்சுகளும் கியர்களும் முறுக்கத்துக்கு உள்ளாகித் தேய்கின்றன என்பதால், முந்தைய உரிமையாளருக்கு இந்த அடிப்படை தெரிந்திருந்ததா என்பதே கைமாறிய வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கும் செய்திகளுள் ஒன்று. லோ ரேஞ்ச் என்பது அதே டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள மெதுகியர். வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்குவதால் செங்குத்தான கல்லேற்றத்தில் கிளட்சை எரிக்காமல் ஏறவும், இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பாமல் எஞ்சினின் தடுப்பிலேயே இறங்கவும் அது உதவுகிறது. டிஃபரன்ஷியல் லாக் என்பது ஒரே அச்சின் இரு சக்கரங்களையும் ஒருசேரச் சுழலச் செய்யும் பூட்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் வெறுமனே சுழலும்போது தரையில் பதிந்துள்ள மற்றதற்கும் விசை செல்வதை அது உறுதிசெய்கிறது. குர்காவில் முன்னும் பின்னும் ஓட்டுநரே இயக்கும் பூட்டுகள் உள்ளன. தாரின் சில வகைகளில் பின்அச்சில் மட்டும் தானே இயங்கும் பூட்டு உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும். 2023 ஜனவரியில் தாரின் பின்சக்கர இயக்க வகை ஒன்று 1.5 லிட்டர் டீசல் எஞ்சினுடன் வெளிவந்தது. வெளித்தோற்றத்தில் நான்கு சக்கர இயக்கத் தாரை ஒத்திருந்தாலும், மேலே விளக்கப்பட்ட டிரான்ஸ்ஃபர் கேஸ் அதில் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தின்படி, நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும், டீசலாயின் 1,500 சி.சி., பெட்ரோலாயின் 1,200 சி.சி. வரையிலான எஞ்சினும் கொண்ட வண்டிகளுக்கு 18 விழுக்காடும், பெட்ரோல், டீசலில் ஓடும் ஏனைய கார்களுக்கு 40 விழுக்காடும் வரி விதிக்கப்படுகிறது. இதனால் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின் கொண்ட பின்சக்கர இயக்கத் தார் 18 விழுக்காட்டிலும், 2.2 லிட்டர் டீசலோ 2 லிட்டர் பெட்ரோலோ பூட்டிய நான்கு சக்கர இயக்கத் தாரும் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஜிம்னியும் 40 விழுக்காட்டிலும் அடங்குகின்றன. விலை இறங்கிவிட்டது என்ற மகிழ்ச்சியில் தோற்றத்தை நம்பி முதல் வகையை வாங்குவோர், மலைப்பாதைக்கென வாங்கும் வண்டியில் மலைப்பாதைக்குத் தேவையான உறுப்பே இல்லை என்பதை முதல் மழையில்தான் உணர நேரிடும். கைமாறிய சந்தையிலும் இக்குழப்பம் உண்டாதலால், கியர் லீவருக்கு அருகில் இரண்டாம் லீவர் உள்ளதா என்று பார்ப்பதும், பதிவுச் சான்றிலுள்ள எஞ்சின் அளவைச் சரிபார்ப்பதும் கட்டாயம்.

புது வண்டியின் செலவு ஷோரூம் விலையோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட வாழ்நாள் சாலைவரியின்படி, 10 லட்சம் ரூபாய்க்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு 18 விழுக்காடும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 20 விழுக்காடும் செலுத்தவேண்டும். 15 லட்ச ரூபாய் வண்டிக்கு இது மட்டுமே 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாயாகிறது. இதே மாநிலத்தில் பதிவாகி, வாழ்நாள் வரி செலுத்தப்பட்ட வண்டியைப் பிறரிடமிருந்து வாங்குவோர் அவ்வரியை மீண்டும் கட்டவேண்டியதில்லை என்பது கைமாறிய வண்டியின் பக்கம் நிற்கும் மிக வலுவான, ஆயினும் பலரும் கணக்கில் சேர்க்காத காரணம். ஏற்றுமதித் தொழிலில் இருப்போர்க்கு உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறுவது பழகிப்போன நடைமுறை. அதனால் நிறுவனத்தின் பெயரில் வண்டியை எடுத்தால் ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் 13 பேர் வரை அமரும் பயணிகள் வண்டிகளுக்கு, வண்டி விற்பனை, பயணிகள் போக்குவரத்து, ஓட்டுநர் பயிற்சி போன்ற தொழில்கள் நீங்கலாக, அந்த வரவு சட்டப்படியே மறுக்கப்பட்டுள்ளது. வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் எழுதலாம் என்றாலும், அது தொழிலுக்குப் பயன்பட்ட அளவுக்கே உரியது. ஞாயிற்றுக்கிழமை மலைப்பயணம் தொழிற்பயன்பாடு ஆகாது.

தேய்மானத்தைச் சந்தை எப்படிப் பார்க்கிறது என்பதற்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் அட்டவணை ஓரளவு உதவும். வண்டியின் காப்பீட்டு மதிப்பு ஆறு மாதங்களுக்குள் 5 விழுக்காடும், ஓராண்டுக்குள் 15 விழுக்காடும், நான்காண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் 50 விழுக்காடும் குறைத்துக் கணக்கிடப்படுகிறது. நான்கு சக்கர இயக்க வண்டிகளின் விற்பனை விலை அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை. தேடுவோர் மிகுதியாகவும் விற்போர் குறைவாகவும் உள்ளதால் கைமாறிய விலையும் உயர்ந்தே நிற்கிறது. அப்படி இருந்தும் முதல் உரிமையாளர் செலுத்திய சாலைவரி, பதிவுச் செலவு, முதல் சில ஆண்டுகளின் சரிவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கணிசமான தொகை மிஞ்சுகிறது. அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, ஒரே இரவில் ஆர்டர்கள் நின்று நடைமுறை மூலதனம் எவ்வளவு அருமையான பொருள் என்பதைத் திருப்பூர் உணர்ந்தது. நூலுக்கும் கூலிக்கும் சுழலவேண்டிய பணம், ஆண்டில் பெரும்பகுதி நிழலில் நிற்கப்போகும் வண்டியில் முடங்குவதை அந்த அனுபவத்துக்குப் பின் எவரும் எளிதாக எடுத்துக்கொள்ளலாகாது.

இவ்வாறெல்லாம் சொன்னாலும், மலிவு என்ற ஒன்றுக்காக மிகப் பழைய ஜீப்புக்குச் செல்வதை இம்மடல் பரிந்துரைக்கவில்லை. அதற்குக் காரணம் உயிர். 1985இல் அறிமுகமாகி 2019 அளவில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றுபோன மாருதி ஜிப்ஸி, ஏறத்தாழ ஒரு டன் எடைக்குள் அடங்கிய அருமையான மலைவண்டி. சேற்றில் புதையாமல் மிதந்து செல்வதற்கு அதன் எடைக்குறைவே துணை. ஆனால் அதில் காற்றுப்பையும் இல்லை, திடீரென பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பும் இல்லை. 2019இல் இவை கட்டாயமாக்கப்பட்டதே அதன் விற்பனை முடிவுக்கு வந்ததன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 2010 முதல் 2020 வரை விற்பனையான முதல் தலைமுறைத் தாரிலும் காற்றுப்பை கிடையாது. பிரெஞ்சு நிறுவனமான பியூஜோவின் வடிவமைப்பில் அமைந்த டீசல் எஞ்சினுடன் ஓடிய மஹிந்திராவின் எம்எம் 540 போன்ற ஜீப்புகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. இதற்கு மாறாக, 2020 அக்டோபரில் வந்த இரண்டாம் தலைமுறைத் தார் அதே ஆண்டு நவம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் பெற்றது. பின்இருக்கையில் குழந்தைகளை அமர்த்திக்கொண்டு ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக உள்ள பாதையில் ஏறுபவருக்கு இந்த வேறுபாட்டைவிடப் பெரிய வேறுபாடு எதுவும் இருக்க முடியாது. 2020 என்ற ஆண்டை எல்லையாக இம்மடல் வைப்பதும் இதனால்தான்.

பழைய ஜீப்புகளுக்கு உரிய இடமும் உண்டு. மின்னணுக் கருவிகள் ஏதுமற்ற எஞ்சினாதலால் பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ உள்ள அனுபவமிக்க மெக்கானிக் ஒருவர் ஸ்பேனரும் காதும் மட்டுமே கொண்டு அதன் கோளாற்றைக் கண்டுபிடித்துவிடுவார். தாமே கையழுக்காக்கிப் பழுது பார்க்கும் ஆர்வமும் நேரமும் உடையவர்கள், குடும்பத்தை ஏற்றாமல் தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுவதாயின், அத்தகைய ஜீப்பைத் தேர்ந்தெடுப்பதில் குறையில்லை. பதிவாகி 15 ஆண்டு முடிந்தபின் தகுதிச் சோதனை செய்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும் என்பதும், அதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் கார்களுக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது என்பதும், அதற்கு மேல் மாநில அரசின் பசுமை வரி உண்டு என்பதும் அவர்களது கணக்கில் இருக்கவேண்டும்.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 மாசுக் கட்டுப்பாட்டு நெறியால் டீசல் வண்டிகளில் ஏற்பட்ட மாற்றம், புதிய வண்டிக்கும் அண்மைக்காலக் கைமாறிய வண்டிக்கும் பொதுவானது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று புகைபோக்கியில் பொருத்தப்பட்டுள்ளது. எஞ்சின் போதிய சூட்டுடன் சீரான வேகத்தில் ஓடும்போதுதான் அக்கரி எரிந்து வடிகட்டி தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்கிறது. வாரம் முழுவதும் வீட்டுக்கும் கம்பெனிக்கும் இடையே நெரிசலில் ஊர்ந்து, வார இறுதியில் லோ ரேஞ்சில் மலையேறும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காமல் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. எனவே ஓட்டம் குறைவாகவும் தூரம் சிறிதாகவும் உள்ளவர்கள் எரிபொருள் செலவு சற்றுக் கூடினாலும் பெட்ரோல் வண்டியை நாடுவது நல்லது. நெடுஞ்சாலையில் அடிக்கடி நீண்டதூரம் செல்பவர்க்கே டீசல் பொருந்தும்.

கைமாறிய வண்டியைச் சோதிக்கும் கலையில் திருப்பூருக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. பின்னலாடைத் தொழில் வளர்ந்த காலத்தில் ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்திறங்கிய பழைய வட்டப் பின்னல் எந்திரங்களை வாங்கியவர்கள், வெளியே அடித்திருந்த பெயின்ட்டைப் பார்த்து விலை பேசவில்லை. சிலிண்டரின் தேய்மானத்தையும் கேம்களின் நிலையையும் ஊசிப்பள்ளங்களையும் தடவிப் பார்த்து, எந்திரத்தை ஓடவிட்டுத் துணியில் கோடு விழுகிறதா என்று கண்டபின்பே முன்பணம் கொடுத்தனர். நான்கு சக்கர இயக்க வண்டியிலும் பார்க்கவேண்டியவை யாவும் கீழேதான் உள்ளன. வண்டியைப் பிட்டின் மேலோ லிப்டிலோ ஏற்றி, சேசிஸ் சட்டத்தில் வளைவோ புதிய வெல்டிங்கோ உள்ளதா, டிரான்ஸ்ஃபர் கேஸின் அடியிலும் பெட்ரோல் டாங்கின் அடியிலும் பாறை இடித்த வடுக்கள் உள்ளனவா என்று நோக்கவேண்டும். சிறு கீறல்கள் வண்டி பயன்படுத்தப்பட்டதைத்தான் காட்டுகின்றன, அவை குற்றமல்ல. புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைக்கப்பட்ட அடிப்பகுதியே ஐயத்துக்குரியது. முன், பின் டிஃபரன்ஷியல்களின் ஆயிலைச் சிறிது இறக்கிப் பார்க்கும்போது அது பால்நிறமாக வெளுத்திருந்தால், ஆழமான நீரைக் கடந்தபோது உள்ளே தண்ணீர் புகுந்து, மாற்றப்படாமலே கியர்கள் ஓடியிருக்கின்றன என்று பொருள்.

ஜிப்ஸியும் ஜிம்னியும் முன்னும் பின்னும் ஒற்றைக்கட்டு அச்சு கொண்டவை. அவற்றில் முன்சக்கர மூட்டுகளில் ஆயில் கசிகிறதா என்பதையும், குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் தானாக அதிர்கிறதா என்பதையும் கவனிக்கவேண்டும். இரண்டாம் தலைமுறைத் தாரிலும் குர்காவிலும் முன்சக்கரங்கள் தனித்தனியே அசைவதால், அங்கே கீழ்க்கை புஷ்களும் பந்து மூட்டுகளும் அச்சின் ரப்பர் உறைகளும் முதலில் தேய்வன. பிறகு வண்டியைச் சரளைக்கல் பரவிய சரிவுக்குக் கொண்டுசென்று, நான்கு சக்கர இயக்கத்திலும் லோ ரேஞ்சிலும் தனித்தனியே ஏறி இறங்கிப் பார்ப்பது இன்றியமையாதது. லீவர் இறுகிக்கொண்டு விழ மறுப்பது, விழுந்தபின் வெளியே தெறிப்பது, விசை மாறும்போது அடியில் இரும்பு உராயும் ஒலி கேட்பது ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் பேரத்தை நிறுத்திவிடலாம். நெடுஞ்சாலையில் ஒரு சுற்று ஓட்டிக்காட்டிவிட்டு அந்தச் சரிவுக்கு வர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்கவே கூடாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் தனி ஆபத்து. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். அத்தகையவை கழுவித் துடைக்கப்பட்டுத் தொலைவிலுள்ள ஊர்களின் சந்தைக்கு வருவதுண்டு. இருக்கைப் பட்டையை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தால் சுருளின் உட்பகுதியில் படிந்த சேற்றுக்கறை தெரிந்துவிடும். ஃபியூஸ் பெட்டியின் முனைகளில் பூத்த பச்சைக்களிம்பும், தரைவிரிப்புக்கு அடியிலுள்ள துருவும் அதையே உறுதிசெய்யும். தில்லித் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விதித்த தடைக்குப் பின் அங்கிருந்து பிற மாநிலங்களுக்குப் பெருகி வந்த மலிவு விலை வண்டிகளைப் பொறுத்தவரை, படிவம் 28இல் பெறப்படும் தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டில் மீண்டும் கட்டவேண்டிய வரி, மறுபதிவுக்கான அலைச்சல் ஆகியவற்றைக் கூட்டினால் அந்த மலிவில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

ஆவணங்களில் படிவம் 29, 30 ஆகியவற்றின் வழி உரிமை மாற்றத்தை முடிக்காமலும், கடன் இருந்திருப்பின் படிவம் 35இன் வழி அதை நீக்காமலும் முழுத்தொகையைக் கொடுக்கலாகாது. மாற்றம் செய்யப்பட்ட வண்டிகளில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் இதை வலியுறுத்தியுள்ளது. அரியானாவின் தப்வாலி போன்ற இடங்களில் பழைய உறுப்புகளைக் கொண்டு புதிதாகக் கட்டப்படும் பளபளப்பான ஜீப்புகள் எவ்வளவு கவர்ந்தாலும், விபத்தொன்று நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அந்த மாற்றமே காரணமாகலாம்.

மிச்சப்படும் பணம் எங்கே செல்லவேண்டும் என்பதும் இம்முடிவின் பகுதியே. நல்ல டயர்கள், அச்சுகளின் எல்லா ஆயில்களையும் மாற்றும் முழு சர்வீஸ், தரமான இழுவைக் கயிறும் கொக்கிகளும், டயருக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரசர் ஆகியவை முதலில் வாங்கவேண்டியவை. கம்ப்ரசர் ஏன் என்றால், 30 பவுண்டுக்கு மேல் இருக்கும் காற்றை 20 பவுண்டு அளவுக்கு இறக்கினால் டயர் அகன்று தரையைப் பற்றிக்கொண்டு, பல ஆயிரம் ரூபாய்ப் பாகங்கள் தராத பிடிப்பைச் செலவின்றித் தருகிறது; ஆயின் தார்ச்சாலைக்குத் திரும்பும்போது மீண்டும் நிரப்பியாக வேண்டும். காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கொள்வதும் அவசியம். எஞ்சினுக்குள் நீர் புகுந்து ஏற்படும் சேதம் சாதாரணக் காப்பீட்டில் பொதுவாக அடங்குவதில்லை.

நீரைக் கடப்பது பற்றி இன்னொன்று. தாருக்கு 650 மில்லிமீட்டர், குர்காவுக்கு 700 மில்லிமீட்டர் என்று உற்பத்தியாளர்கள் குறிப்பிடும் ஆழம் தேங்கிய நீருக்கானது. ஓடும் நீரில் 60 சென்டிமீட்டர் ஆழமே பெரும்பாலான வண்டிகளை அடித்துச்செல்லப் போதுமானது. கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் செல்லும் வழியில் குரும்பூர்ப் பள்ளத்திலும் சர்க்கரைப் பள்ளத்திலும் காட்டாற்று வெள்ளம் வந்து பேருந்து நின்றுபோன செய்திகள் பலமுறை வெளிவந்துள்ளன. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் கரையில் காத்திருக்கும்போது, வெளியூர் வண்டியின் விவரப் பட்டியலை நம்பி இறங்குவது பேதைமை.

புது வண்டி வாங்கவேண்டியவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடலாம். பத்தாண்டுக்கு மேல் ஒரே வண்டியை வைத்திருக்க எண்ணுவோர், இமயமலைப் பகுதிக்கு நெடும்பயணம் செல்வதால் எந்த ஊரிலும் உத்தரவாதச் சேவை கிடைக்கவேண்டும் என்போர், அடிப்பகுதியைச் சோதிக்கத் தெரிந்த நம்பகமான மெக்கானிக் ஒருவரும் அறிமுகம் இல்லாதோர் ஆகியோருக்குப் புது வண்டியே பாதுகாப்பான முடிவு. அவர்களும் வாங்கிய மாதமே சஸ்பென்ஷனை உயர்த்தி, விளக்குகளைக் கூட்டி, மின்கம்பிகளை வெட்டி ஒட்டினால் எந்த உத்தரவாதத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்தார்களோ அதையே இழப்பார்கள்.

இவ்வளவு கணக்குகளுக்கும் அப்பால், இம்மடலை எழுதத் தூண்டிய கவலை ஒன்று உண்டு. திருமூர்த்தி மலைக்கு மேலே உள்ள குருமலை, குழிப்பட்டி போன்ற பழங்குடிக் குடியிருப்புகளின் மக்கள் சாலைக்காக நெடுங்காலம் போராடியவர்கள். நோயாளிகளையும் கருவுற்ற பெண்களையும் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கியவர்கள். அவர்களைப் போன்றோர்க்கு வண்டி செல்லும் மண்தடம் என்பது மருத்துவமனைக்கும் ரேஷனுக்கும் பள்ளிக்குமான வழி. மழை நின்ற மறுநாள், சேறு கிளப்பும் மகிழ்ச்சிக்காக ஏழெட்டு வண்டிகள் வரிசையாக ஏறி அத்தகைய தடத்தில் முழங்காலளவு பள்ளங்களைப் பறித்துவிட்டு வந்தால், அடுத்த மழை வரை அந்த ஊரின் ஒரே ஜீப்பும் ஏற முடியாமல் நிற்கும். ஓடைப்படுகையில் வண்டிகளைக் கழுவுவதும் அத்தகையதே. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நொய்யல் ஆற்றின் நீர் கெட்டதன் விலையை ஊர் முழுவதும் சேர்ந்து செலுத்தியது. மலையோடையில் ஆயிலும் சோப்பும் கலப்பதன் தீமையைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை.

ஆகவே குழுக்கள் அனைத்துக்கும் முன்வைக்கப்படும் வேண்டுகோள் இது. எந்த வண்டிக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன், கடம்பூரிலோ சூரியநெல்லியிலோ அனுமதியுள்ள உள்ளூர் ஜீப் ஒன்றை அதன் ஓட்டுநருடன் வாடகைக்கு அமர்த்தி, ஒரு முழுநாள் மலைப்பாதையில் முன்இருக்கையில் அமர்ந்து செல்லுங்கள். எந்த ஏற்றத்தில் அவர் லோ ரேஞ்சுக்கு மாற்றுகிறார், எந்த ஓடைக்கரையில் இறங்கி நின்று நீரைப் பார்க்கிறார், அவரது வண்டியில் ஆண்டுதோறும் முதலில் உடைவது எந்தப் பாகம், அதற்கு எந்த ஊரில் மாற்று கிடைக்கிறது என்பனவற்றை அவரிடமே கேட்டறியுங்கள். அந்த நாளின் வாடகை ஒரு மலைக்குடும்பத்துக்கு வருமானமாகும்; அவர் தரும் விடைகளைக் குறித்துக்கொண்டு வந்து, பார்த்துவைத்திருக்கும் வண்டியின் அடியில் படுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம்.